வீட்டுத் திட்டம், மாஸ்டர் பிளான், கருத்துக்கேட்பு: தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் கடிதம் எழுதும் வேலை என்னிடம் வந்து எட்டு வருடமாகிறது. "பொதுமக்கள் கருத்துத் தெரிவிக்கலாம்" என்று நாளிதழில் ஓர் அறிவிப்பு வந்துவிட்டால் போதும், போன் வர ஆரம்பித்துவிடும். கேட்பவர்கள்தான் வேறு வேறு, கேள்விகள் பெரும்பாலும் அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடிப்பதற்குள் சிலருக்குக் கெடு தாண்டிவிட்டது. இனி அப்படி ஆகக் கூடாது என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"கருத்துக்கேட்புன்னா என்னங்க? மண்டபத்துல கூட்டம் போட்டு மைக்ல பேசுறதா?"

கூட்டம் அதில் ஒரு பகுதிதான், அதுவும் எல்லா நேரமும் இருக்காது. அடிப்படை 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். ஓர் ஊருக்கு முழுமைத் திட்டம், அதாவது நாம் மாஸ்டர் பிளான் என்று சொல்வது, வரைவாகத் தயாரானதும் அரசிதழிலும் முன்னணி நாளிதழ்களிலும் அறிவிப்புப் போட வேண்டும் என்கிறது அதன் 26-ஆம் பிரிவு. வரைவை எங்கே போய்ப் பார்க்கலாம் என்றும் அதில் சொல்ல வேண்டும். ஆட்சேபனையும் ஆலோசனையும் எழுதிக் கொடுக்கக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். அதன் பிறகு, நேரில் சொல்ல விரும்புவதாகக் கேட்டுக்கொண்டவர்களை அழைத்துக் கேட்க வேண்டும். திருத்தம் செய்து அரசுக்கு அனுப்புவது அதற்கப்புறம்தான்.

இதில் இரண்டு விஷயத்தை மனதில் வையுங்கள். கருத்து எழுத்து மூலம் போக வேண்டும். நேரில் பேசும் வாய்ப்பு அதைக் கேட்டவர்களுக்குத்தான். அதனால் கடிதத்தின் கடைசியில் "என் தரப்பை நேரில் தெரிவிக்க வாய்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். நிறைய பேர் விடுவது இந்த ஒரு வரியைத்தான்.

"மாஸ்டர் பிளான்ல நமக்கு என்ன இருக்கு? பக்கத்துல கட்டடம் வர்றப்ப பார்த்துக்கலாமே?"

கட்டடம் வரும்போது பார்க்க அனேகமாக ஒன்றும் மிச்சமிருக்காது. எந்த சர்வே எண் குடியிருப்பு, எது வணிகம், எது விவசாயம், எந்தச் சாலை எத்தனை அடிக்கு விரியும் என்பதையெல்லாம் முடிவு செய்வது மாஸ்டர் பிளான்தான். அதில் ஓர் இடம் குடியிருப்பு என்று நிறம் தீட்டப்பட்டுவிட்டால், பிறகு அங்கே வருகிறவர் விதிப்படி வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு போவார்.

இது அடிக்கடி வருகிற வாய்ப்பும் இல்லை. கோவையின் பழைய மாஸ்டர் பிளான் 1994-இல் ஒப்புதல் பெற்றது. அடுத்த வரைவு மக்கள் பார்வைக்கு வந்தது 2024-இல். சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-இல் வந்தது, 2026 வரைக்குமானது. அதற்கடுத்த மூன்றாவது 2046 வரையிலான காலத்துக்கு. இதில் ஒரு கெடுவைத் தவறவிட்டால் அடுத்த முறை எழுதப்போவது உங்கள் பிள்ளைகளாகக்கூட இருக்கலாம்.

"எங்க ஏரியாவுல இப்படி ஒண்ணு நடக்குதுன்னே தெரியறதில்ல. எங்க பார்க்கிறது?"

சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த அந்த எல்லை 2022-இல் 5,904 ஆக விரிந்துவிட்டது. "நாங்க செங்கல்பட்டு மாவட்டம், எங்களுக்கு அது இல்ல" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககமும் அதன் மாவட்ட அலுவலகங்களும் உள்ளூர்த் திட்டக் குழுமங்களும். இவற்றின் இணையதளங்கள், நாளிதழ்களின் உள்பக்க விளம்பரங்கள், மாநகராட்சி அல்லது நகராட்சி அறிவிப்புப் பலகை ஆகியவைதான் பார்க்க வேண்டிய இடங்கள்.

மாஸ்டர் பிளானுக்கு இரண்டு மாதம் என்று மேலே சொன்னேன். தனி ஒரு சர்வே எண்ணுக்கு நில உபயோக மாற்றம் கேட்டு வரும் விளம்பரத்தில் கெடு அதைவிடக் குறைவாக இருக்கலாம். விளம்பரத்தில் போட்டிருக்கும் நாள்தான் கணக்கு. எங்கள் சங்கத்தில் இரண்டு பேருக்கு நாளிதழ் விளம்பரங்களைப் பார்ப்பது மட்டும்தான் வேலை. காலையில் பத்து நிமிடம் ஆகும். கண்ணில் பட்டதும் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள்.

"பக்கத்து மனையில அஞ்சு மாடி ஏறுது. எங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே, அது தப்பில்லையா?"

தனிக் கட்டடத்துக்கு அண்டை வீட்டாரிடம் கருத்துக் கேட்கும் நடைமுறை பொதுவாக இல்லை. 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்கு உட்பட்டு இருக்கிறதா என்பதைத்தான் அலுவலகம் பார்க்கும். சிறிய வீடுகளுக்கு அதுவும் எளிதாகிவிட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுகிறவர் சுயசான்று கொடுத்தே அனுமதி பெறலாம். 2024 ஜூலையிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது.

ஆகவே உங்கள் கேள்வி, விதிப்படி கட்டுகிறார்களா என்பதாக இருக்கட்டும். பக்கவாட்டில் எத்தனை இடம் விட்டிருக்கிறார்கள், சாலை அகலம் எவ்வளவு என்று காட்டியிருக்கிறார்கள், எத்தனை மாடிக்கு அனுமதி என்று பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை அல்லது எட்டு வீட்டுக்கு மேல் என்றால் விற்பனைக்கு வரும் திட்டம் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவாகியிருக்க வேண்டும். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் திட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

"ஆயிரம் வீடு டவுன்ஷிப் வருதாம். அதுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேணும்ல? அப்போ பொதுக் கருத்துக்கேட்பு கண்டிப்பா நடக்கணும்ல?"

படித்தவர்களே தவறாக நினைத்திருக்கும் விஷயம் இது. 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பும் அதற்கு மேலும் இருந்தால் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி வேண்டும் என்பது சரி. ஆனால் அதே அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்கும் டவுன்ஷிப்களுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது. சுரங்கத்துக்கும் ரசாயன ஆலைக்கும் ஆட்சியர் தலைமையில் பந்தல் போட்டு நடக்கிறதே, அந்தக் கூட்டம் வீட்டுத் திட்டத்துக்குக் கிடையாது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஏரிக்கரையில் ஆயிரம் குடும்பம் வந்து இறங்குவது அங்கே ஏற்கெனவே இருப்பவர்களைப் பாதிக்காதா?

இருந்தாலும் வழி முழுக்க அடைபட்டுவிடவில்லை. விண்ணப்பமும் இணைப்புகளும் சுற்றுச்சூழல் அனுமதிக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும். அங்கே காட்டப்பட்டிருக்கும் சர்வே எண்கள், மழைநீர் போகும் இடம், தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்படும் என்பவற்றைப் படித்து, தவறு இருந்தால் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு எழுதுங்கள். கேட்காமலே எழுதலாம். அனுமதி கொடுத்துவிட்டால் 30 நாளுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். அந்த அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

"நான் வாடகைக்கு இருக்கேன். பட்டா என் பேர்ல இல்ல. நான் எழுதலாமா?"

எழுதலாம். "எந்த நபரும்" என்றுதான் சட்டம் சொல்கிறது. மழைக்குத் தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் நனைவது தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவரின் பாய்தான்.

"வரைபடத்தைப் பார்த்தேன், ஒண்ணுமே புரியல. எதைப் பார்க்கணும்?"

முதலில் உங்கள் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் பட்டாவிலிருந்து எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்தில் 'அ' பதிவேடும் (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்ற பதிவு) புலப்படமும் (அந்த எண்ணின் அளவு வரைபடம், எஃப்.எம்.பி.) பார்க்கக் கிடைக்கும். உங்கள் மனை, அதைச் சுற்றியுள்ள பத்துப் பதினைந்து எண்கள், வாய்க்கால், குளம், புறம்போக்கு என்று வகைப்படுத்தப்பட்டவை எல்லாவற்றையும் ஒரு தாளில் குறியுங்கள். அதன் பிறகு வரைவு வரைபடத்தின் நிறவிளக்கத்தைப் படித்து, அதே எண்களுக்கு என்ன நிறம் என்று பாருங்கள். உங்கள் மனையைவிட, மழைத்தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும் என்ன நிறத்தில் இருக்கின்றன என்பது முக்கியம்.

எங்கள் பகுதி வரைவை அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள். எண்கள் எறும்பு அளவுக்கு. ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் எங்களோடு வந்திருந்தார். செல்போன் டார்ச்சை அடித்து, விரலை ஒவ்வோர் எண்ணாக நகர்த்திக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "வாய்க்கால் எங்க?" என்றார். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால், புலப்படத்தில் இரண்டு இணைகோடாகத் தெளிவாக இருப்பது, வரைவில் இல்லை. அந்த இடம் முழுக்கக் குடியிருப்பு நிறம். வேண்டுமென்று செய்தார்களா, வரைந்தவர் கைதவறலா என்று எங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. புலப்படம், 'அ' பதிவேட்டு நகல், மழை நாளில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும்போது எடுத்த நான்கு படங்கள் ஆகியவற்றை வைத்து ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தோம். இறுதித் திட்டத்தில் வாய்க்கால் திரும்பி வந்தது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், காகிதத்தில் காணாமல்போன நீர்நிலை தரையிலும் காணாமல்போக அதிக நாள் ஆகாது. மேற்கு மாம்பலத்தில் இன்றைக்கும் லேக் வியூ ரோடு இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் தெரிந்த நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். 2015 டிசம்பரில் சென்னைப் புறநகரின் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, தண்ணீர் தன் பழைய வழியை மறக்காது என்பதை எல்லாரும் பார்த்தோம்.

"கடிதத்துல என்னதான் எழுதணும்? ஒரு மாதிரி கொடுங்களேன்."

மாதிரி கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். கொடுத்தால் எல்லாரும் அதையே எழுதிவிடுகிறார்கள் (அது ஏன் உதவாது என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்). என்னென்ன இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். அறிவிப்பின் எண்ணும் தேதியும். உங்கள் பெயர், முகவரி, எத்தனை வருடமாக அங்கே இருக்கிறீர்கள் என்பது. கிராமத்தின் பெயரோடு சர்வே எண். வரைவில் எது தவறு. அதற்கு ஆதாரம். அதற்குப் பதில் என்ன வேண்டும். இந்தக் கடைசியைத்தான் விட்டுவிடுகிறார்கள். "இந்தத் திட்டத்தை எதிர்க்கிறோம்" என்று முடிந்த கடிதத்தை வைத்துக்கொண்டு அதிகாரி என்ன திருத்தம் எழுத முடியும்? "சர்வே எண் இன்னதில் உள்ள வாய்க்காலை நீர்நிலை என வகைப்படுத்தி, இருபுறமும் கட்டுமானம் இல்லாத பகுதியாகக் குறிக்க வேண்டும்" என்று எழுதினால் அதை அப்படியே கோப்பில் ஏற்ற முடியும்.

ஒரு பக்கம், மிஞ்சிப்போனால் இரண்டு. கோபம் இருக்கும், தெரியும். அதை எழுதித் தீர்த்துவிட்டு, அந்தத் தாளை வீட்டில் வைத்துவிட்டு, வேறு தாளில் எழுதுங்கள். கடைசியில் நேரில் தெரிவிக்க வாய்ப்புக் கோரும் வரி, முதல் பதிலில் சொன்னது.

"ஐநூறு பேர் கையெழுத்து வாங்கிட்டோம். இனி அவங்களால மறுக்க முடியாதுல்ல?"

நாங்கள் முதல்முறை செய்ததும் இதுதான். நானூறு கையெழுத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைச்சல். மேலே இருந்த கடிதத்தில் ஒரு சர்வே எண்கூட இல்லை. "குறிப்பான விவரங்கள் இல்லாததால் பரிசீலிக்க இயலவில்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. கையெழுத்து வாங்கப் போனபோது வாசலில் நின்று ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் கதையைச் சொன்னார்கள். எந்த வருடம் எந்தப் படி வரை தண்ணீர் ஏறியது, ஆம்புலன்ஸ் எந்த முனையில் திரும்ப முடியாமல் நின்றது என்று. அதில் ஒரு வரியைக்கூட நாங்கள் எழுதி எடுத்துக்கொள்ளவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

கையெழுத்து வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே கடிதத்தின் ஐநூறு நகல் பெரும்பாலும் ஒரே கருத்தாகத்தான் அட்டவணையில் ஏறும். இருபது வீட்டார் தங்கள் கண்ணால் கண்டதைத் தங்கள் கையால் எழுதினால் அது இருபது கருத்து.

"இங்கிலீஷ்ல எழுதினாதான் மதிப்பாங்களா?"

தமிழில் எழுதுங்கள். ஆட்சிமொழி தமிழ், அதை வாங்க மறுக்க யாருக்கும் அதிகாரமில்லை. வரைவு அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், தமிழில் வெளியிட்டுக் கெடுவை நீட்டிக்க வேண்டும் என்பதையே உங்கள் முதல் கோரிக்கையாக வையுங்கள்.

"நாங்க வீடே வரக்கூடாதுன்னு சொல்லல. ஆனா இப்படி வரக்கூடாது. அதை எப்படிச் சொல்றது?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஊருக்கு வீடு வேண்டும். நம் பிள்ளைகளே வாடகை கட்ட முடியாமல் அலைகிறார்கள். ஆகவே என்ன நிபந்தனையோடு வர வேண்டும் என்று கேட்பதுதான் நியாயமும், பலன் தருவதும்.

சாலையில் தொடங்குங்கள். டேப் எடுத்துக்கொண்டு போய் அளங்கள். எங்கள் அணுகுசாலை ஆவணத்தில் 30 அடி. முனையில் அளந்தால் 24 இருந்தது, டிரான்ஸ்பார்மர் நிற்கும் இடத்தில் 17. தேதியோடு, டேப் தெரியும்படி படம் எடுத்துக் கடிதத்தில் வைத்தோம். எத்தனை மாடி கட்டலாம் என்பது சாலை அகலத்தோடு சம்பந்தப்பட்டது என்பதால் அந்த ஒரு படத்துக்கு இருந்த மதிப்பு பத்துப் பக்க வாதத்துக்கு இல்லை. அடுத்தது திறந்தவெளி. 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலைகள் போக மீதியில் 10 சதவீதம் பொது உபயோகத்துக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை அதற்கு ஈடாகப் பணம் கட்ட வழியுண்டு. அதற்கு மேல் போனால் இடமாகவே உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். இந்த ஓ.எஸ்.ஆர். இடம் எங்கே வருகிறது என்று பாருங்கள். பள்ளத்திலோ, மின்கோபுரத்துக்குக் கீழோ, யாரும் போக முடியாத மூலையிலோ ஒதுக்கியிருந்தால், சாலையை ஒட்டி, குழந்தைகள் நடந்து போகும்படி மாற்றக் கேளுங்கள். அதன் பிறகு கழிவுநீர் எங்கே போகும், கோடையில் தண்ணீர் எங்கிருந்து வரும், புது மனைகளை மண்போட்டு எத்தனை அடி உயர்த்துவார்கள் என்பன. கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். அவர்கள் மூன்றடி ஏற்றினால் நாம் மூன்றடிப் பள்ளம்.

"வாரிய வீடு கட்டி ஏழைங்களைக் கொண்டுவரப் போறாங்க. எங்க ஏரியா மதிப்பு போயிடும்னு எழுதலாமா?"

எழுதாதீர்கள். அந்தக் கடிதத்துக்கு நான் உதவி செய்யவும் மாட்டேன். நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்குத்தான் கருத்துக் கேட்கிறார்கள், யார் அங்கே வாழத் தகுதியானவர் என்பதற்கு அல்ல. ஊருக்குள் எல்லாரும் "எங்க பக்கம் வேண்டாம்" என்றதன் பலனை, சென்னையின் விளிம்பில் வாரியம் கொண்டுபோய்க் குடியமர்த்திய கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் இருப்பவர்களிடம் கேளுங்கள். வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் விடிவதற்குள் கிளம்பி இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். பள்ளி போதாது, பஸ் போதாது, குடிநீர்க் குழாய் போதாது என்று உங்களுக்குக் கவலை இருந்தால், வருகிறவர்களுக்கும் சேர்த்து அவற்றைக் கேளுங்கள். அது அழகான கடிதம்.

"நாங்க இருக்கிற பழைய வாரிய பிளாட்டையே இடிச்சுக் கட்டப் போறாங்களாம். கூட்டத்துல எல்லாத்துக்கும் சரின்னு சொல்றாங்க. நம்பலாமா?"

கூட்டத்தில் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்ற பெயரில் இயங்குகிறது. கடிதத்தை அந்தப் பெயருக்கே அனுப்புங்கள். பயனாளிகள் பட்டியலில் உங்கள் பெயரும் கதவு எண்ணும் சரியாக இருக்கிறதா, அப்பா பெயரில் இருந்த ஒதுக்கீடு யார் பெயருக்கு மாறும், இடைக்கால வாடகைத் தொகை எவ்வளவு, எப்போது கைக்கு வரும், கட்டி முடிக்கும் காலம், புது வீட்டின் பரப்பு, நீங்கள் கட்ட வேண்டிய பங்கு, லிஃப்ட் பராமரிப்பு யார் பொறுப்பு. இவை எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு சாமானைக் கட்டுங்கள். நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீடுகளுக்குத் தரைத்தளம் வேண்டுமென்று தனியாக ஒரு பட்டியல் கொடுங்கள். இதைக் குடியிருப்பவர்கள்தான் சொல்ல முடியும், வேறு யாருக்கும் தெரியாது.

"வீட்டுத் திட்டத்துக்கு என் நிலத்தையே எடுக்கப் போறாங்க. இதுவும் அதே கருத்துக்கேட்புதானா?"

இல்லை, இது வேறு சட்டம். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் முதலில் சமூகத் தாக்க ஆய்வும் அதற்கான பொதுக் கூட்டமும் உண்டு. அதன் பின் 11-ஆம் பிரிவின் கீழ் முதற்கட்ட அறிவிக்கை வெளியானால் 60 நாளுக்குள் ஆட்சியருக்கு எழுத்தில் ஆட்சேபனை தர வேண்டும். நிலத்தின் அளவும் பொருத்தமும், பொதுநோக்கம் என்று சொல்வதன் நியாயம், சமூகத் தாக்க அறிக்கையின் முடிவுகள் ஆகிய மூன்றையும் பற்றி ஆட்சேபிக்கலாம். நேரிலோ வக்கீல் மூலமோ சொல்ல ஆட்சியர் வாய்ப்புத் தர வேண்டும். நெடுஞ்சாலைக்கும் தொழில் பூங்காவுக்கும் மாநிலத்தின் தனிச் சட்டங்கள் இருப்பதால், வந்த நோட்டீஸில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பதை முதலில் படியுங்கள். இதில் ஒரு நல்ல வக்கீலுக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள்.

"கிராமசபையில தீர்மானம் போட்டுட்டா திட்டம் நின்னுடுமா?"

தானாக நிற்காது. அனுமதி கொடுப்பது திட்டக் குழுமம். ஆனாலும் போடுங்கள். தனியாள் எழுதியதைவிட ஊர் கூடி எழுதியதைக் கோப்பிலும் நீதிமன்றத்திலும் கவனிப்பார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் கிராமசபை உண்டு. தீர்மானத்தில் சர்வே எண் இருக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு நகல் கேட்டு வாங்குங்கள். வாயால் நிறைவேறிய தீர்மானங்கள் பல, புத்தகத்தில் ஏறாமலே போயிருக்கின்றன.

"என் வயல் 'விவசாயம்'னு வரைவுல இருக்கு. எனக்கு வீட்டு மனையா வேணும். பக்கத்துக்காரர் எதிர்க்கிறார். யார் பேச்சு செல்லும்?"

இருவருக்கும் எழுத உரிமை உண்டு. உங்கள் கோரிக்கையும் கருத்துக்கேட்பில் வர வேண்டிய ஒன்றுதான், வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் இரண்டு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிப் பாருங்கள். உங்கள் நிலத்தின் வழியாகக் கீழ்மடைக்குத் தண்ணீர் போகிறதா? நீங்கள் மனையாக்கினால் அவர் வயலுக்கு எப்படிப் பாயும்? மடையும் வரப்பும் எங்கே இருக்கின்றன, அவற்றை எப்படிக் காப்பாற்றப் போகிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டால், அவரது எதிர்ப்பில் பாதி குறைந்துவிடும். அனுப்புவதற்கு முன் அவரிடம் காட்டினால் இன்னும் நல்லது.

"பில்டர் ஆளுங்க வந்து 'ஆட்சேபனை இல்லை'ன்னு கையெழுத்து கேட்கிறாங்க. தெருவுக்கு ரோடு போட்டுத் தர்றாங்களாம்."

அன்றைக்கே போடாதீர்கள். தாளை ஒரு நாள் வைத்துக்கொண்டு படியுங்கள். வெற்று இடம் விட்ட தாளிலும், சர்வே எண் இல்லாத தாளிலும், உங்களுக்குப் புரியாத மொழியில் இருக்கும் தாளிலும் கையெழுத்து வேண்டவே வேண்டாம். ரோடு போடுவது உண்மையென்றால் அது அனுமதியின் நிபந்தனையாக வரட்டும் என்று கேளுங்கள். ஏற்கெனவே போட்டுக் கொடுத்துவிட்டிருந்தால், எந்தச் சூழ்நிலையில் வாங்கினார்கள் என்பதையும் இப்போது உங்கள் நிலைப்பாடு என்ன என்பதையும் திட்டக் குழுமத்துக்குத் தேதியோடு எழுதிவிடுங்கள்.

"எழுதிக் கொடுத்து ஆறு மாசமாச்சு. பதிலே இல்ல. எல்லாம் கண்துடைப்பா?"

சில நேரம் முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதை நிரூபிக்கவும் உங்கள் கடிதம்தான் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் பதில் இல்லை" என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல என்பார்கள். வந்த ஆட்சேபனைகளின் தொகுப்பு அட்டவணை நகல், என் கடிதம் இந்தத் தேதி இந்த எண், அதன் மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல், நேர்விசாரணை நடந்திருந்தால் அதன் நடவடிக்கைக் குறிப்பு என்று ஆவணமாகக் கேளுங்கள். கோப்பை நேரில் பார்க்கவும் கேட்கலாம். 30 நாளில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அட்டவணையில் உங்கள் கருத்து ஏறவே இல்லை, அல்லது கேட்டும் நேரில் அழைக்கவில்லை என்று தெரிந்தால், அது உயர் நீதிமன்றத்தில் பேசக்கூடிய குறை. 26-ஆம் பிரிவை அவர்கள் கடைப்பிடிக்கவில்லை என்று ஆகிவிடும்.

"கெடு போன வாரமே முடிஞ்சுது. இனி பிரயோஜனம் இல்லையா?"

இருந்தாலும் அனுப்புங்கள், தாமதத்துக்கான காரணத்தோடு. அரசு ஒப்புதல் தரும் வரை திட்டம் வரைவுதான். கெடு தாண்டியதைப் பரிசீலிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, பரிசீலிக்கத் தடையும் இல்லை. ஒரு நகல் வீட்டுவசதித் துறைச் செயலருக்கும், ஒன்று உங்கள் கவுன்சிலருக்கும் எம்.எல்.ஏ.வுக்கும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் ஒன்று என்று கொடுங்கள். நேர்விசாரணை இன்னும் நடக்கவில்லை என்றால், கெடுவுக்குள் எழுதிக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரோடு போய், அவர் உங்கள் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லும்படி செய்யலாம்.

"நாளைக்கு சாயங்காலம் கடைசி நேரம். இப்போதான் தெரிஞ்சுது. என்ன பண்ண?"

இன்றைக்கு ராத்திரி சர்வே எண்ணைக் கண்டுபிடித்து ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரே ஒரு விஷயம், உங்களுக்கு மிக நன்றாகத் தெரிந்தது. "விரிவான ஆதாரங்களைப் பின்னர் தாக்கல் செய்கிறேன், நேரில் தெரிவிக்க வாய்ப்பளிக்கவும்" என்று முடியுங்கள். காலையில் இரண்டு பிரதி எடுத்து நேரில் கொண்டுபோங்கள். அறிவிப்பில் மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதற்கும் அனுப்பிவிடுங்கள். தபால் பிரிவில் உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வரவு எண்ணும் போட்டுத் தரச் சொல்லி, அது விழுவதைப் பார்த்த பிறகு கவுன்ட்டரை விட்டு நகருங்கள். மதிய உணவு நேரத்தில் அந்த ஜன்னல் மூடியிருக்கும். அதனால் பன்னிரண்டு மணிக்குள் போய்விடுங்கள்.